மவுண்ட் ரோட்டுப் பத்திரிகை ஆபீஸ்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் பழைய கட்டடங்களைப் பற்றி நீங்கள் வெளியிட்டு வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். கோட்டை வந்துவிட்டது, ஐகோர்ட் வந்துவிட்டது, எழும்பூர் ஸ்டேஷனும் வந்துவிட்டது. இன்று அண்ணா சாலை என்று சொல்கிற மவுண்ட் ரோட்டின் பத்திரிகை ஆபீஸ்கள் மட்டும் இன்னும் வரவில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் தாத்தா செங்கோட்டையில் பத்திரிகை ஏஜெண்ட். மெட்ராஸிலிருந்து கொல்லம் மெயில் வந்து நின்றதும் சணல் கயிறு போட்ட கட்டு பிளாட்பாரத்தில் இறங்கும். தாத்தா கயிற்றை அறுக்க மாட்டாராம். முடிச்சை நிதானமாக அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் பத்திரிகையை எண்ணத் தொடங்குவார். மேலே சுற்றிய பழுப்புத் தாளில் ஒட்டிய சீட்டில் 'மவுண்ட் ரோடு, மெட்ராஸ்' என்று இருக்கும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை தமிழ்நாட்டில் இல்லை. எங்களுக்கு அரசாங்கம் திருவனந்தபுரத்தில், செய்தி மவுண்ட் ரோட்டில். மேற்கே திருவனந்தபுரத்திலேயே 1951இல் டி.வி. ராமசுப்பையர் தினமலரைத் தொடங்கினார். அது 1957இல் திருநெல்வேலிக்கு வந்துவிட்டது.

சில மாதங்களுக்கு முன் சென்னை போனபோது ஒரு காலைப் பொழுது முழுக்க அந்தச் சாலையில் நடந்தேன். 1868இல் தொடங்கிய 'மெட்ராஸ் மெயில்' பத்திரிகையின் கட்டடம் 1921இல் எழுந்தது. இந்திய, இஸ்லாமிய வேலைப்பாடுகளை ஐரோப்பியக் கட்டுமானத்தோடு கலந்த இந்தோ-சாரசனிக் பாணி. நடத்தியவர்கள் வெள்ளைக்காரர்கள், முகப்போ நம் நாட்டுச் சாயலில். அதே சாலையில் 'தி இந்து'வின் கஸ்தூரி பில்டிங்ஸ். பத்திரிகை அங்கே குடிபோனது 1939இல். இங்கே வளைவு, வேலைப்பாடு எதுவும் கிடையாது. நேர்கோடுகளாக, சுத்தமாக, அன்றைய புது மோஸ்தரான ஆர்ட் டெகோ. முத்துசாமி ஐயர் சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியானதை வெள்ளைக்காரர் பத்திரிகைகள் தூற்றியபோது, பதில் சொல்வதற்காக 1878இல் ஆறு இளைஞர்கள் தொடங்கிய பத்திரிகை அது. கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் முதலில் அச்சிட்டது 80 பிரதிகள். ஆண்டவர்கள் பழைய இந்தியாவைக் கட்டிக்கொண்டு நிற்க, நம்மவர்கள் புதுக் காலத்தைக் கட்டியிருக்கிறார்கள். சாலையில் நின்று இரண்டையும் மாறிமாறிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மெயில் 1981இல் நின்றுபோனது. கட்டடமாவது நிற்கிறது. 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையின் வளாகமான எக்ஸ்பிரஸ் எஸ்டேட்டில் இருந்த பழைய மெட்ராஸ் கிளப் கட்டடத்துக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அந்த வளாகத்தில் இப்போது ஷாப்பிங் மால் இருக்கிறது.

என் மனதை அதிகம் அறுத்தது சுதேசமித்திரன்தான். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய பத்திரிகை. பாரதி உதவி ஆசிரியராக வேலை பார்த்த பத்திரிகை. வைட்டவே லெய்ட்லா என்ற ஆங்கிலேயக் கடைக்காகக் கட்டிய விக்டரி ஹவுஸில்தான் பிற்காலத்தில் அது இயங்கியது. பாரதி காலத்து ஆபீஸ் அது இல்லை. ஆனாலும் எங்கள் ஊருக்கு வந்த தமிழ்ப் பத்திரிகைக் கட்டுகளில் பெரும்பகுதி சுதேசமித்திரன்தான் என்று அப்பா சொல்லுவார். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களிடம் "சுதேசமித்திரன் ஆபீஸ் எது?" என்று கேட்டேன். நான்கு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு தம்பி போனில் தேடியே பார்த்தார், பாவம்.

இந்தக் கட்டடங்கள் ஒவ்வொன்றின் வாசலிலும் நடைபாதையில் நின்றே படிக்கிற மாதிரி ஒரு பலகை வேண்டும். பத்திரிகையின் பெயர், இங்கே எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அச்சானது, கட்டடம் எந்தப் பாணி, அவ்வளவு போதும். தமிழில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். மாநகராட்சி மனது வைத்தால் ஒரு மாதத்து வேலை. நீங்கள் ஒரு தலையங்கம் எழுதினால் அவர்கள் காதில் விழும்.

தாத்தா வைத்திருந்த கட்டுச் சீட்டு ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பசை காய்ந்து ஓரம் உதிர்ந்தாலும் 'மவுண்ட் ரோடு' தெளிவாகத் தெரிகிறது. கட்டுரை போடுவதாக இருந்தால் சொல்லுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
செங்கோட்டை