எலும்புக்கூட்டை ஏலத்தில் எடுக்க நினைக்கும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். அடுத்த ஏலத்தில் டைனோசர் எலும்புக்கூடு ஒன்றை எடுக்க எண்ணியிருப்பதாகச் சென்ற வாரம் சொன்னீர்கள். நான் தயங்கியதைக் கண்டு, "மண்ணரிப்பில் வெளியே வந்த எலும்பு மழையிலும் வெயிலிலும் பொடியாகிப் போவதைவிட, யாராவது தோண்டி எடுத்து விற்பது மேல் அல்லவா?" என்று கேட்டீர்கள். அன்று சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் மேரி ஆனிங் என்ற பெண் கண்டெடுத்த இக்தியோசர், பிளீசியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவற்றின் எலும்புகள் விற்பனைக்காகவே தோண்டப்பட்டவை. அந்த வருமானம் இல்லையென்றால் அவருடைய குடும்பத்துக்குப் பிழைப்பில்லை. லண்டனில் இருக்கும் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப் பறவையின் புதைபடிவம், பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1862இல் ஒரு தொகுப்போடு சேர்த்து 700 பவுண்டு கொடுத்து வாங்கியது. ஆகவே காசு கைமாறியதாலேயே ஒரு புதைபடிவம் கெட்டுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

என் கவலை வேறு. ஒரு எலும்பை ஒருவர் ஆராய்ந்து எழுதியதோடு அறிவியலில் வேலை முடிவதில்லை. அவர் சொன்னது சரிதானா என்று இன்னொருவர் பத்து ஆண்டு கழித்தோ ஐம்பது ஆண்டு கழித்தோ அதே எலும்பை எடுத்துப் பார்க்க வேண்டும். அன்று இல்லாத கருவி அப்போது வந்திருக்கும். பொது அருங்காட்சியகம் அந்த இரண்டாம் பார்வைக்கு உறுதி தருகிறது. ஒரு வீட்டின் வரவேற்பறை, அதன் உரிமையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த உறுதியைத் தர முடியாது. ஆர்க்கியாப்டெரிக்ஸின் இன்னொரு புதைபடிவமான மாக்ஸ்பெர்க் படிவம் தனியார் ஒருவரிடம் இருந்தது. 1991இல் அவர் இறந்த பிறகு தேடியபோது அது கிடைக்கவில்லை, இன்றுவரை காணவில்லை.

அமெரிக்காவின் மொன்டானாவில் 2006இல் கிடைத்த 'சண்டையிடும் டைனோசர்கள்' கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிரைசெராடாப்ஸ் என்ற மூன்று கொம்புள்ள தாவர உண்ணியும், டைரனோசர் என்ற ஊனுண்ணி வகையைச் சேர்ந்த சிறிய விலங்கு ஒன்றும் அருகருகே புதைந்திருந்தன. 2013இல் ஏலத்துக்கு வந்தபோது எதிர்பார்த்த விலை கிடைக்காததால் விற்பனை நடக்கவில்லை. அதன்பின் நில உரிமை வழக்கும் சேர்ந்துகொள்ள, 2020இல்தான் வட கரோலினா அருங்காட்சியகத்தின் கைக்கு அவை வந்தன. அந்தச் சிறிய விலங்கு, டைரனோசர்களில் மிகப் பெரியதான டி. ரெக்ஸின் இளம் பருவமா, நானோடைரனஸ் என்ற தனி உயிரினமா என்பது பல பத்தாண்டுகளாக நீடித்த சர்ச்சை. எலும்பை மெல்லிய சீவலாக அறுத்து, மர வளையங்களைப் போல அதிலுள்ள வளர்ச்சிக் கோடுகளை எண்ணித்தான் வயதைக் கணிக்க முடியும். அது ஏறக்குறைய முழு வளர்ச்சி அடைந்த தனி இனமே என்ற ஆய்வு 2025இல் வெளிவந்தது. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய எலும்பை அறுக்க எந்த உரிமையாளர் மனமுவந்து சம்மதிப்பார்? நீங்கள் சம்மதிப்பீர்களா என்பதை உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.

விலை ஏறிய விதத்தையும் பார்க்க வேண்டும். தெற்கு டகோட்டாவில் 1990இல் கிடைத்த 'சூ' என்ற டி. ரெக்ஸுக்காக ஒரு வணிக நிறுவனம் நில உரிமையாளருக்குக் கொடுத்தது 5,000 டாலர். அந்த விற்பனை செல்லாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, 1997 ஏலத்தில் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் பெரிய நிறுவனங்களின் உதவியோடு அதை 83 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2020இல் 'ஸ்டான்' என்ற இன்னொரு டி. ரெக்ஸ் 3 கோடியே 18 லட்சம் டாலருக்கும், 2024இல் 'ஏபெக்ஸ்' என்ற ஸ்டெகோசரஸ் வகை டைனோசர் 4 கோடியே 46 லட்சம் டாலருக்கும் போயின. அமெரிக்காவில் தனியார் நிலத்தில் கிடைப்பது நில உரிமையாளருக்கே சொந்தம் என்பதால் இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஆனால் இந்த விலைக்கு எதிரே எத்தனை அருங்காட்சியகங்களால் கை உயர்த்த முடியும்? டி. ரெக்ஸ் படிவங்களை மட்டும் எண்ணிய 2025ஆம் ஆண்டு ஆய்வொன்று, பொது நிறுவனங்களில் 61, தனியாரிடமும் வணிகர்களிடமும் 71 என்று கணக்குக் காட்டுகிறது.

மண்ணிலிருந்து திருடப்படுபவை இன்னொரு துயரம். மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் 1965இல் டெய்னோகைரஸ் என்ற டைனோசரின் இரண்டு பெரிய கைகள் கிடைத்தன. மிச்ச உடல் எப்படி இருந்திருக்கும் என்று அரை நூற்றாண்டு யாருக்கும் தெரியவில்லை. பிறகு கிடைத்த எலும்புக்கூட்டிலும் தலையையும் பாதங்களையும் திருடர்கள் முன்பே எடுத்துப் போயிருந்தனர். அவை ஐரோப்பாவில் ஒரு தனியார் சேகரிப்பில் அகப்பட்டு, 2014இல் மங்கோலியாவுக்குத் திரும்பின.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். எந்த நாட்டில், யாருடைய நிலத்தில், எந்தப் பாறை அடுக்கில் எடுத்தது, தோண்டும்போது எழுதிய குறிப்பும் எடுத்த படங்களும் எங்கே, எத்தனை எலும்பு அசல், எத்தனை அச்சில் வார்த்த நகல் என்று விற்பவரிடம் கேளுங்கள். வாங்கியே தீருவதென்றால், பொது அருங்காட்சியகம் ஒன்றுக்கு நிரந்தரமாகக் கொடுப்பதாக எழுதி வைத்துவிட்டு வாங்குங்கள். இரவல் போதாது, இரவல் கொடுத்தவர் நாளை திருப்பிக் கேட்கலாம் என்பதால்தான் ஆய்வாளர்கள் பலர் அத்தகைய படிவங்களைப் பற்றி எழுதத் தயங்குகிறார்கள்.

ஏலப் பட்டியல் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கண்டெடுத்த இடத்தைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இருவரும் சேர்ந்தே படிப்போம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்