சொல்லிட்டுப் போ

அன்பு மகளே,

பிள்ளையைத் திருவனந்தபுரத்துக் காப்பகத்தில் விடப்போறேன்னியே, வேலைக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தொடங்கிரு. முதல் ரெண்டு நாள் நீயும் கூட உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் தூக்கிட்டு வந்திரு. மூணாம் நாள் வெளியே போய் அரை மணி நேரத்தில் திரும்பி வா. பிறகு மத்தியானச் சோறுவரை, அதுக்கப்புறம் ஒரு உறக்கம்வரை. ஒன்றரை வயசில் பிரிவு ரொம்ப உறைக்கும்.

விளையாடிட்டு இருக்கும்போது நைசா நழுவிருன்னு யாராவது சொல்லுவாங்க. கேக்காதே. அன்னைக்கு ஒரு நாள் அழாமே இருப்பான், அவ்வளவுதான். அம்மா சொல்லாமலே காணாமப் போவான்னு அவனுக்குப் பட்டுட்டா, நீ குளிக்கப் போனாலும் கதவைத் தட்டிக்கிட்டு நிப்பான், ராத்திரி உன் நைட்டியைப் பிடிச்சுக்கிட்டே கிடப்பான். முகத்தைப் பார்த்து, "ஏத்தன்பழம் தின்னதும் அம்மா வருவேன்"னு சொல்லி ஒரு முத்தம் குடுத்துட்டு நட. வாசலில் நின்னு திரும்பித் திரும்பிப் பார்க்காதே. நாலு மணி அவனுக்குத் தெரியாது, பழம் தெரியும். நீ போனாலும் மருமகன் போனாலும் அதே சொல்லா இருக்கட்டும்.

பகலெல்லாம் சிரிச்ச பிள்ளை சாயங்காலம் உன்னைக் கண்டதும் ஓன்னு அழும். பதறாதே, அடக்கி வச்சதை உன்கிட்டதானே இறக்க முடியும்? வந்ததும் அடுக்களைக்கு ஓடாமே, போனைத் தூர வச்சுட்டு கால் மணி நேரம் தரையில் உட்காரு. சோறு மருமகன் வடிக்கட்டும், தெரியலேன்னா படிக்கட்டும்.

மூணு நாலு வாரம் ஆகியும் அங்கே உண்ணாமே, உறங்காமே, விளையாடாமே இருந்தா, இல்லே குறிப்பிட்ட ஒரு ஆளைக் கண்டாலே நடுங்கினா, அதை வெறும் அடம்னு விடாதே. சொல்லாமே ஒரு நாள் போய்ப் பாரு. காப்பகம் உன் ஆபீசிலேயே இருக்கிறதாலே இது சுலபம். 50 பேரோ அதுக்கு மேலேயோ வேலை பார்க்கிற இடத்தில் தாய் நாளைக்கு 4 தடவை போய்ப் பார்க்கலாம்னு 2017 முதல் சட்டமே இருக்கு.

அங்கே மலையாளம், வீட்டில் தமிழ்னா பேச்சு பிந்தும்கிறது வீண் பயம். நம்மூரிலேயே குடிக்கிற தண்ணியை வெள்ளம்னுதானே சொல்றோம்! ரெண்டு வயசில் ரெண்டு பாஷையும் சேர்த்து எண்ணினா ஒரு 50 சொல் இருக்கணும், "பால் தா"ன்னு ரெண்டு சொல்லைக் கோத்துப் பேசணும். இல்லேன்னா முதலில் காது கேக்குதான்னு பரிசோதிச்சிரு.

பையில் ஒரு துவர்த்து, அதான் துண்டு, வை. ரெண்டு ராத்திரி நீ தலைமாட்டில் வச்சுப் படுத்ததா இருக்கட்டும். துவைச்சிராதே.

அம்மா
மார்த்தாண்டம்