அந்த அறுபதாயிரத்தை வாங்காதே

அன்புள்ள செந்திலுக்கு,

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் மேல் மோதிக் காலை உடைத்த வேனின் முதலாளி அறுபதாயிரம் தருகிறார், கேஸ் வேண்டாம் என்கிறார் என்றாய். டிரைவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், பாவம் என்றாய். உன் மனசு எனக்குத் தெரியும் கண்ணு. ஆனால் ஒரு வண்டியால் அடிபடும் அடுத்தவருக்குப் பணம் தருகிற மூன்றாம் நபர் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கி வைத்திருப்பதே இதற்குத்தான். வண்டியின் பேப்பரும் டிரைவரின் லைசென்ஸும் சரியாக இருந்தால் பணம் தரப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி. அந்த மனுசன் வீட்டு அடுப்பை நாம் அணைக்கப்போவதில்லை.

1996இல் என் சைக்கிளை லாரி தட்டியது உனக்குத் தெரியும். டீக்கடையில் உட்காரவைத்து ஐயாயிரம் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். அப்போது அது பெரிய பணமாகத் தெரிந்தது. கட்டுப் பிரித்த பிறகுதான் வலது கையில் இரண்டு விரல் மடங்காது என்று தெரிந்தது. அறுந்த இழையைப் பிணைக்க முடியாதவனுக்குத் தறியில் என்ன வேலை? அரைக் கூலிக்கு நூல் தார் சுற்றப் போனேன். அந்த ஐயாயிரம் ஆஸ்பத்திரிக் கடனுக்கே போதவில்லை.

நேற்று ஈரோடு கோர்ட் பக்கம் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். உனக்கு மாதம் 18,000 என்றால் வருஷத்துக்கு 2,16,000. வயது 27, அதற்குப் பெருக்கு எண் 17; வருஷ இழப்பை எத்தனையால் பெருக்குவது என்று வயதை வைத்துச் சொல்லும் எண் அது. காலால் உன் சம்பாத்தியம் 20 சதவீதம் குறையும் என்று விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஏற்றால், 43,200ஐப் பதினேழால் பெருக்கு: 7,34,400. வருங்கால உயர்வுக்காக வருமானத்தில் 40 சதவீதம் கூட்டினால் பத்து லட்சத்தைத் தாண்டும். வைத்தியச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்கள், வலி, காலில் வைத்த பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் எல்லாம் தனி. மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு. அப்படியே கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. அறுபதாயிரம் எந்தக் கணக்கில் வந்தது என்றுதான் கேட்கிறேன்.

அந்த 20 என்பது டாக்டர் எழுதித் தரும் ஊனச் சதவீதம் இல்லை. 2010இல் ராஜ்குமார் என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொன்னதாம். இடது கை போனால் தச்சருக்கும் டிரைவருக்கும் பிழைப்பே போச்சு, ஆபீஸ் குமாஸ்தாவுக்கு வேலை போகாமலும் இருக்கலாம். நீ ஏ.சி. மாட்ட ஏணி ஏறுகிறவன். அதை வக்கீல் அழுத்திச் சொல்ல வேண்டும். உனக்குச் சம்பளச் சீட்டு இல்லையே, அதனால் ஜிபே வரவையும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டையும் எடுத்து வை.

எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல் (ஏ.ஆர். காப்பி), டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் இந்த வாரமே வாங்கு. விபத்து அவிநாசியில் நடந்திருந்தாலும் நீ குடியிருக்கிற கோயமுத்தூரிலேயே மனு போடலாம். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது 2022 ஏப்ரலிலிருந்து சட்டம்.

இண்டிகேட்டர் போடாமல் திரும்பினேன் என்று என்னிடம் சொன்னாயே, அதை வக்கீலிடமும் சொல்லிவிடு. உன் தவறு எவ்வளவோ அவ்வளவைக் கழிப்பார்கள், கழிக்கட்டும். மறைத்து, எதிர்த்தரப்பு கிளறினால் நீ சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு புரோக்கர் கார்டு கொடுத்தான் என்றாயே, ஊனத்தைக் கூட்டி எழுதித் தருகிறேன் என்று. அவனை அண்டவிடாதே. வக்கீல் யாராவது வருகிற பணத்தில் பங்கு கேட்டாலும் எழுந்து வந்துவிடு. வக்கீல்களை முறைப்படுத்தும் பார் கவுன்சிலின் விதிப்படி அப்படிக் கேட்கக்கூடாது.

இரு தரப்பும் சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம் என்பார்கள். தப்பில்லை, பணமும் சீக்கிரம் வரும். ஆனால் அங்கே ஒத்துக்கொண்டால் அப்பீல் கிடையாது. கால் எவ்வளவு தேறுகிறது என்று தெரிந்த பிறகு பேசுவோம்.

சனிக்கிழமை அம்மா அங்கே வருகிறாள், ஒரு மாதம் இருப்பாள். ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுப்பாள். சத்துணவுச் செலவு என்று அதையும் கேட்கலாமாம். கறிக்கடையில் பில் தரமாட்டார்கள், நீயே தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை.

அன்புடன்,
அப்பா