வீட்டுத் தோட்ட உரப் பொட்டலங்களில் சத்தின் அளவு அச்சிடப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வார இணைப்பில் மாடித்தோட்டம் குறித்து வெளியாகும் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அவற்றில் விதைத் தேர்வு, பந்தல் அமைப்பு, பூச்சி விரட்டி ஆகியவற்றுக்குக் கிடைக்கும் இடம் உரத்துக்குக் கிடைப்பதில்லை. உரம் பற்றி எழுதப்படும் ஓரிரு வரிகளும் 'ஒரு கைப்பிடி', 'சிறிதளவு' என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. தொட்டிச் செடிகள் கருகுவதற்கும் காய்ப்பு குறைவதற்கும் இந்தக் 'கைப்பிடி' பெரிய காரணமாக இருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தாம்பரம், பல்லாவரம் பகுதி நாற்றுப் பண்ணைகளிலும் தெருவோரச் செடிக் கடைகளிலும் வண்ண வண்ணப் பொட்டலங்களில் உரம் விற்கிறார்கள். 'பூ உரம்', 'காய் உரம்', 'எல்லாச் செடிக்கும் ஒரே உரம்' என்று பெயர் இருக்கும், ரோஜாவின் படம் இருக்கும், விலையும் இருக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) எத்தனை விழுக்காடு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) எத்தனை, சாம்பல் சத்து (பொட்டாசியம்) எத்தனை என்ற மூன்று எண்கள் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. தயாரித்தவர் பெயரோ தயாரித்த மாதமோ இல்லாத பொட்டலங்களையும் கண்டிருக்கிறேன். அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் வந்த 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, உர மூட்டையின் மீது சத்து விகிதம் முதலிய விவரங்கள் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது. மூட்டை உரம் வாங்கும் விவசாயிக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு, அரைக் கிலோ வாங்கும் இல்லத்தரசிக்கு நடைமுறையில் இல்லை.

அந்த மூன்று எண்கள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குக் குண்டுமல்லியையே எடுத்துக்கொள்கிறேன். தரையில் நன்கு வளர்ந்த செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 10 கிலோ தொழு உரத்துடன் 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல் சத்து தேவை என்றும், அதை இரண்டாகப் பிரித்து, கவாத்து முடிந்ததும் நவம்பரில் ஒரு பாதியும் ஜூன், ஜூலையில் மறு பாதியும் இட வேண்டும் என்றும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இது சத்தின் எடையே தவிர உரத்தின் எடை அன்று. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. ஆகவே 60 கிராம் தழைச்சத்துக்கு ஏறத்தாழ 130 கிராம் யூரியா வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 விழுக்காடுதான் என்பதால் அது 750 கிராம் வேண்டும்; பொட்டாஷில் சாம்பல் சத்து 60 விழுக்காடு என்பதால் 200 கிராம் போதும். சூப்பர் பாஸ்பேட்டுக்குப் பதிலாக டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) வாங்கினால் கணக்கே மாறிவிடும். அதில் மணிச்சத்து 46 விழுக்காடும் தழைச்சத்து 18 விழுக்காடும் உள்ளன. விழுக்காடு தெரிந்தால் பள்ளி மாணவரும் போடக்கூடிய கணக்கு இது. தெரியாவிட்டால் அனுபவசாலியும் குத்துமதிப்பாகத்தான் அள்ளிப் போட வேண்டியிருக்கும்.

மேலே சொன்னது வேர் பரப்ப இடமுள்ள தரைச் செடிக்கான அளவு. அதைத் தொட்டிக்கோ வளர்ப்புப் பைக்கோ அப்படியே இட்டால் செடி பிழைக்காது. தரையில் மழையும் மண்ணின் ஆழமும் மிகையான உப்பைக் கரைத்து இறக்கிவிடும். தொட்டியிலோ இட்ட உப்பெல்லாம் வேரைச் சுற்றியே தங்குகிறது. மூன்று சத்தும் 19 விழுக்காடு வீதம் கொண்ட, நீரில் கரையும் 19:19:19 போன்ற உரமாக இருந்தால், லிட்டருக்கு 1 கிராம் அல்லது அதிகம் போனால் 2 கிராம் கரைத்து, 15 நாட்களுக்கு ஒரு முறை, முன்பே ஈரமாக உள்ள மண்ணில் ஊற்றுவது பாதுகாப்பானது. தேக்கரண்டியால் அளப்பவர்கள் ஒரு கரண்டிக்கு ஏறத்தாழ 5 கிராம் ஏறும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் ஓர் அம்மையாரின் மல்லிகைத் தொட்டியைப் பற்றி இங்குச் சொல்வது பொருத்தமாக இருக்கும். கொழுந்து இலைகள் மஞ்சளாக வெளுத்திருந்தன. நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. அடி இலைகளோ நல்ல பச்சையாகவே இருந்தன. தொட்டியின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மேல்மண்ணைக் கிளறியபோது கரையாத டிஏபி குருணைகள் கிடந்தன. இலை மஞ்சளானதும் சத்துக் குறைவு என்று கருதி, கடையில் சொன்னபடி மாதந்தோறும் டிஏபி இட்டு வந்திருக்கிறார். அந்தச் செடிக்குக் குறைவாக இருந்தது இரும்புச் சத்து. தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த அடி இலைகள்தாம் முதலில் வெளுக்கும். இரும்புக் குறைந்தால் கொழுந்து வெளுக்கும். எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மையால் மண்ணின் காரநிலை ஏறி, இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாத நிலை ஏற்படுகிறது. அதன்மேல் மணிச்சத்தையும் கொட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். டிஏபியை நிறுத்தி, பிடித்து வைத்திருந்த மழைநீரைத் தொட்டியின் அடித்துளை வழியே வழிந்தோடும் வரை ஊற்றி உப்பைக் கழுவி, லிட்டருக்கு 5 கிராம் வீதம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலைகளில் தெளித்தோம். இதை மாதம் ஒரு முறை, பசுமை திரும்பும் வரை செய்ய வேண்டும். அடுத்து வந்த துளிர்கள் பச்சையாகவே வந்தன. அன்னபேதிக் கரைசலை அவ்வப்போது புதிதாகக் கலக்க வேண்டும் என்பதையும், தரையில் சிந்தினால் துருக்கறை படியும் என்பதையும் தெளிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

இயற்கை உரம் என்றால் எவ்வளவு இட்டாலும் தீங்கில்லை என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. உரக் கட்டுப்பாட்டு ஆணை மண்புழு உரத்தில் குறைந்தது 1 விழுக்காடு தழைச்சத்து இருக்க வேண்டும் என்கிறது. கடலைப் பிண்ணாக்கிலோ அது ஏறத்தாழ 7 விழுக்காடு. இரண்டையும் ஒரே கையளவில் போடச் சொல்வது எப்படிச் சரியாகும்? பிண்ணாக்கைக் காய்ந்த கட்டியாகத் தண்டின் அடியில் வைத்தால் அது மட்கும்போது சூடேறி வேரைத் தாக்கும். எறும்பும் பூஞ்சையும் சேரும். 100 கிராம் பிண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றுவதே நல்லது. பஞ்சகவ்யத்துக்கு 3 விழுக்காடு, அதாவது 10 லிட்டர் நீருக்கு 300 மில்லி என்ற அளவு நெடுநாளாகப் புழக்கத்தில் இருப்பதால் அதில் யாரும் தவறுவதில்லை. அளவு தெரிந்திருந்தால் மக்கள் அதைப் பின்பற்றவே செய்கிறார்கள்.

தென்னை நார்க் கழிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மட்காத நார்க் கழிவில் கரிமத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1 என்ற அளவில் இருக்கும். மட்கிய பிறகு அது 24:1 ஆகக் குறைகிறது. மட்காததை நிரப்பினால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செடிக்கு வைத்த தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்கின்றன, செடி வெளுக்கிறது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளைகளில் (பொருள் தொகுப்புகளில்) நார்க் கழிவுக் கட்டியுடன் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களும் வருகின்றன. அவற்றை இரசாயன உரத்துடனோ சாம்பலுடனோ கலந்தால் உள்ளிருக்கும் பாக்டீரியா இறந்துவிடும் என்பதும், நிழலில் வைத்துக் காலாவதித் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் பலருக்குச் சொல்லப்படுவதில்லை.

முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், டீத்தூள் ஆகியவற்றை மட்கவைத்து இடுவதில் தவறில்லை. அவற்றால் மட்டுமே காய்த்துக் குலுங்கும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு. கோடையில் தக்காளிக் காயின் அடிப்பகுதி கருகி அமுங்கினால் பலர் எப்சம் உப்பை ஊற்றுகிறார்கள். எப்சம் உப்பில் உள்ளது மக்னீசியம்; காய் கருகுவதற்குக் காரணம் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராதது. ஒருநாள் மண் வறண்டு மறுநாள் நீர் தேங்கும்படி பாய்ச்சுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். இரண்டு நேரமும் அளவாக நீர் விட்டு, மேல்மண்ணில் சருகு மூடாக்குப் போட்டாலே அடுத்த காய்கள் நலமாக வரும். மக்னீசியம் மிகுந்தால் சுண்ணாம்புச் சத்தை வேர் எடுப்பது மேலும் குறையும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். வீட்டுத் தோட்டத்திற்கென்று விற்கப்படும் சிறு பொட்டலங்களிலும் சத்து விகிதம், தயாரிப்பாளர் பெயர், தயாரித்த மாதம், லிட்டர் நீருக்கு எத்தனை கிராம் என்ற அளவு ஆகியவை தமிழில் அச்சிடப்படுவதை வேளாண்மைத் துறையின் உர ஆய்வாளர்கள் உறுதிசெய்ய வேண்டும். தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளையுடன் தரும் கையேட்டில், ஏக்கர் கணக்கில் இல்லாமல் 10 லிட்டர், 20 லிட்டர் தொட்டிகளுக்கான உர அட்டவணையைச் சேர்க்க வேண்டும். தங்கள் இணைப்பில் எழுதுவோரும் உரத்தின் பெயரோடு அதன் சத்து விகிதத்தையும் கிராம் அளவையும் தொட்டியின் கொள்ளளவையும் தவறாமல் குறிப்பிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு தக்காளி, கத்தரி நாற்றுகளைத் தொட்டியில் மாற்றி நடுபவர்கள் பலர் இருப்பதால், முதல் அட்டவணையை அதற்கு முன்பே வெளியிட்டால் மிகவும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மேற்குத் தாம்பரம்.