குழந்தையைப் பற்றியல்ல, குற்றத்தைப் பற்றிப் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே "அதெல்லாம் இங்கே வேண்டாம்" என்கிறார்கள். ஆனால் பக்கத்துத் தெருவில் அப்படியொன்று நடந்தபோது அந்தப் பிள்ளை எந்தப் பள்ளி, அப்பாவுக்கு என்ன வேலை என்று வாசலுக்கு வாசல் அதே பேச்சுதான். எனக்கு மனசே ஆறவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு, சிறப்பு நீதிமன்றம் அனுமதித்தாலொழிய, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, குடும்ப விவரம் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது. சரி, அது ஊடகத்துக்கு. நமக்கும் அதே எல்லை இருக்கட்டுமே. கூட்டத்தில் பேச எவ்வளவோ இருக்கிறது: தெரிந்தும் போலீசில் சொல்லாமல் மறைப்பதும் அதே சட்டப்படி குற்றம் என்பது, அப்புறம் 1098 என்ற குழந்தைகள் உதவி எண். இது எங்கள் தெருவில் பலருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய், மதுரை