பழைய வீடு வாங்கப் போகும் தம்பிக்கு: எச்.ஓ.ஏ.வில் சேர்ந்தே ஆக வேண்டுமா?

அன்புள்ள செந்தில்,

ஹூஸ்டனில் 1950-களில் கட்டிய வீடு ஒன்று உனக்குப் பிடித்துப்போய்விட்டது. "பழைய ஏரியாதானே அக்கா, எச்.ஓ.ஏ.வில் சேர்வது கட்டாயமாக இருக்காது என்று ரியல்டர் சொல்லிவிட்டார்" என்று எழுதியிருந்தாய். எச்.ஓ.ஏ. என்பது ஒரு குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம். இதையே நம்மவர்கள் பலரும் கேட்கிறார்கள். அதனால்தான் உனக்கான பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

ரியல்டர் சொன்னது அநேகமாகச் சரியாகவே இருக்கும். ஆனாலும் வீட்டின் வயதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதே. பழைய பகுதிகளில் கட்டாயச் சங்கம் குறைவாக இருக்கக் காரணம் உண்டு: 1960-களில்தான் வீட்டுக் கடன்களுக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்பான எஃப்.எச்.ஏ. இத்தகைய சங்கங்கள் உள்ள குடியிருப்புகளை ஊக்குவிக்க ஆரம்பித்தது. பூங்கா, நீச்சல் குளம், ஏரிக்கரை எல்லாம் கட்டி, அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை ஒரு சங்கத்திடம் விட்டுவிடுவது பில்டர்களுக்கும் வசதியாக இருந்தது. 1970-இல் அமெரிக்கா முழுவதும் சுமார் 10,000 சங்கங்கள் இருந்தன என்றும், இன்று மூன்றரை லட்சத்தையும் தாண்டிவிட்டன என்றும் கம்யூனிட்டி அசோசியேஷன்ஸ் இன்ஸ்டிட்யூட் கணக்குச் சொல்கிறது. நம் ஆட்கள் அதிகம் குடியிருக்கும் சுகர் லேண்ட், கேட்டி பக்கத்துப் புதிய குடியிருப்புகளில் பெரும்பாலும் கட்டாயச் சங்கம்தான். 1940-களில் உருவான ஓக் ஃபாரஸ்ட் போன்ற பகுதிகளிலோ விருப்பம் இருந்தால் சந்தா கட்டிச் சேரலாம். அதே சமயம், நியூ ஜெர்சியின் ராட்பர்ன் 1929-இல் உருவானபோதே கட்டாயக் கட்டணம் வசூலிக்கும் சங்கத்தோடுதான் உருவானது. ஆகவே பழையது என்பது ஒரு குறிப்பு மட்டுமே.

கட்டாயமா இல்லையா என்பதற்கான பதில் நிலத்தின் பத்திரத்தில் இருக்கிறது. மனைகளைப் பிரித்து விற்றவர் அந்தக் காலத்தில் கவுன்ட்டி அலுவலகத்தில் பதிவு செய்த நிலக் கட்டுப்பாடுகளை, அதாவது டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன்களை வாங்கிப் படி. "ஒவ்வொரு மனை உரிமையாளரும் உறுப்பினர் ஆவார், ஆண்டுக் கட்டணம் செலுத்துவார்" என்று அதில் இருந்தால், நீ கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் வீட்டை வாங்கிய நாளிலிருந்து உறுப்பினர்தான். அது முந்தைய உரிமையாளரோடு போவதில்லை, நிலத்தோடு வருகிறது. அப்படி எதுவும் இல்லையென்றால், தெருமுனையில் அசோசியேஷன் பெயரில் எவ்வளவு பெரிய பலகை இருந்தாலும் உன்னைச் சேரச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது.

பழைய பத்திரங்களில் காலக்கெடுவையும் பார். 25 அல்லது 30 ஆண்டு என்று போட்டுவிட்டு, "அதன்பின் 10 ஆண்டுக்கு ஒருமுறை தானாக நீளும்" என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அந்த வரி இல்லாத பத்திரங்கள் காலாவதியாகியிருக்கலாம். பிறகு உரிமையாளர்கள் கூடி மனுப் போட்டுப் புதுப்பித்துமிருக்கலாம், அதற்கும் டெக்சஸ் சட்டத்தில் வழி உண்டு. அதனால் முதல் பத்திரத்தோடு நின்றுவிடாமல், அதன்பின் பதிவான திருத்தங்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கு.

இதற்காக நீ எங்கும் அலைய வேண்டாம். டெக்சஸின் வழக்கமான வீடு வாங்கும் கான்ட்ராக்டிலேயே, கட்டாய உறுப்பினர் முறை உண்டா இல்லையா என்று டிக் செய்யும் இடம் இருக்கிறது. உண்டு என்றால் தனியாக ஓர் இணைப்புப் படிவமும் வர வேண்டும். இதோடு நில உரிமையைச் சரிபார்த்துக் காப்பீடு தரும் டைட்டில் கம்பெனி முன்கூட்டியே கொடுக்கும் கமிட்மென்ட் என்ற ஆவணத்தில் ஷெட்யூல் பி என்ற பகுதியைப் பார். உன் மனை மீதுள்ள கட்டுப்பாடுகளின் பதிவு எண்கள் அங்கே இருக்கும். அந்த ஆவணங்களின் நகலைக் கேள், வாங்காமல் விலகிக்கொள்ள உனக்கு இருக்கும் அவகாசமான ஆப்ஷன் பீரியட் முடிவதற்குள் ஒரு வரி விடாமல் படி. விற்பவர் "நாங்கள் ஒரு தடவைகூடப் பணம் கட்டியதில்லை" என்று சொன்னால் அது ஆதாரம் ஆகாது.

இதில் நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் தெரியுமா? டெக்சஸில் ஹோம்ஸ்டெட் பாதுகாப்பு இருப்பதால் சாதாரணக் கடன்காரர் யாரும் உன் வீட்டில் கை வைக்க முடியாது. ஆனால் நீ வாங்குவதற்கு முன்பே பத்திரத்தில் ஏறியிருக்கும் சங்கக் கட்டணத்துக்கு அந்தப் பாதுகாப்புச் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1987-இல் தீர்ப்பளித்துவிட்டது. 2001-இல் இதே ஹூஸ்டன் பகுதியில், சுமார் 800 டாலர் பாக்கிக்காக 82 வயது மூதாட்டி ஒருவரின் வீடு 5,000 டாலருக்கு ஏலம் போனது. ஊரே கொதித்தது, பிறகு வீடு அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு உரிமையாளர்களைக் காக்க ஒரு சட்டம் வந்தது. இன்று அபராதத் தொகைக்காக மட்டும் வீட்டை ஏலம் விட முடியாது, ஏலம் போனாலும் பணத்தைக் கட்டி மீட்க 180 நாள் அவகாசம் உண்டு. கட்டணப் பாக்கிக்கு ஏலம் விடும் அதிகாரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வேறு மாநிலத்தில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நியூயார்க்கின் ஃபயர் ஐலண்ட் தீவு பற்றிய வழக்கு ஒன்றில் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ், அதுவும் 1987-இல்தான், பத்திரத்தில் இல்லாவிட்டாலும், சங்கம் தரும் வசதிகளைத் தெரிந்தே வீடு வாங்கியவர் அதன் செலவில் பங்கு கொடுக்க வேண்டும் என்று சொன்னது. சங்கமே பராமரிக்கும் பாதையோ கடற்கரையோ இருக்கும் இடமென்றால் உள்ளூர் வக்கீலிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

செந்தில், அந்தப் பத்திரத்தில் இன்னொன்றும் உன் கண்ணில் படலாம். வெள்ளையர் அல்லாதார் இங்கே குடியிருக்கக் கூடாது என்று அந்தக் காலத்துப் பல பத்திரங்களில் எழுதி வைத்திருந்தார்கள். நீதிமன்றங்கள் அதை அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் சொல்லிவிட்டது, 1968-இன் சட்டம் அந்தப் பாகுபாட்டையே தடை செய்தது. அந்த வரிக்கு இன்று எந்தச் சக்தியும் இல்லை. ஆனாலும் நாம் வாங்கும் வீட்டின் தாளில் அதைப் படிக்கும்போது நெஞ்சு எரியும். முன்கூட்டியே சொல்லிவைக்க நினைத்தேன். அதை நீக்கச் சொல்லி மனுப் போடவும் டெக்சஸில் இப்போது வழி இருக்கிறது. போடு.

கடைசியாக, பலரும் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம். உறுப்பினர் ஆவது வேறு, கட்டுப்பாடு வேறு. சங்கத்தில் சேர வேண்டியதில்லை என்று தெரிந்ததும் முன்பக்கம் வீட்டை நீட்டிக் கட்டலாம், கடை வைக்கலாம் என்று நினைத்துவிடாதே. பதிவான கட்டுப்பாடு காலாவதியாகாத வரை உன்னையும் கட்டுப்படுத்தும். மீறினால் பக்கத்து வீட்டுக்காரரே வழக்குப் போடலாம், கட்டட எல்லை, பயன்பாடு போன்றவற்றில் ஹூஸ்டன் மாநகராட்சியும் போடலாம்.

அதே கட்டுப்பாடுதான் உனக்கும் காவல். எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று நகரமே வகுக்கும் ஸோனிங் ஹூஸ்டனில் கிடையாது. 1948, 1962, 1993 என்று மூன்று முறை வாக்காளர்கள் அதை வேண்டாம் என்றார்கள். நாளை உன் பக்கத்து மனையில் ஒரு பட்டறை வராமல் தடுக்கப்போவது அந்தப் பழைய பத்திரம்தான். அதை எடுத்துவைத்துக்கொண்டு மாநகராட்சிக்கு எழுதி, வக்கீலுக்குப் பணம் திரட்டி, மாலை நேரங்களைச் செலவழிப்பவர்கள் சிவிக் கிளப் என்ற விருப்பச் சங்கத்தில் இருக்கும் நாலைந்து பேர். அதனால் உன் வீட்டில் உறுப்பினர் முறை கட்டாயமில்லை என்று உறுதியானால், நீயாகப் போய்ச் சேர்ந்து சந்தாவைக் கட்டு. முடிந்தால் கூட்டத்துக்கும் போ. நம் ஆட்கள் கோயிலுக்கும் தமிழ்ச் சங்கத்துக்கும் வாரி வழங்குகிறோம், தெருவில் நடக்கும் கூட்டத்தில் மட்டும் நம் முகமே இல்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

ஷெட்யூல் பி கைக்கு வந்ததும் எனக்கும் அனுப்பு. சேர்ந்தே படிப்போம்.

அன்புடன்,
அக்கா