சீதை வேஷம் கட்டிய பையன்

அன்புள்ள தம்பிக்கு,

நாடகத்தில் உனக்குப் பெண் வேஷம் கொடுத்திருக்கிறார்கள், ஒத்துக்கொண்டால் சினிமாக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று தயங்கி எழுதியிருந்தாய். தயங்காதே, ஒத்துக்கொள். அப்பாவும் அதையேதான் சொல்கிறார். ஏன் சொல்கிறோம் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

திருச்சியில் நம் பொன்மலைக்குப் பக்கத்திலேயே இருக்கிற சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த பையன்தான் நடிகர் சிவாஜி கணேசன். அப்போது வெறும் கணேசன். பிறந்தது 1928-ல், விழுப்புரத்தில். அப்பா சின்னையா மன்றாயர், அம்மா ராஜாமணி அம்மாள். கம்பளத்தார் என்கிற சமூகத்தார் போட்ட கட்டபொம்மன் கூத்தைப் பார்த்ததிலிருந்து அந்தப் பிள்ளைக்கு வேறு நினைப்பே இல்லை. ஏழு வயசிலேயே, தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று பொய் சொல்லி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டது. தெருக் கூட்டாளி காக்கா ராதாகிருஷ்ணனுக்கும் அதே கம்பெனிதான். பல வருஷம் கழித்து 'தேவர் மக'னில் அண்ணன் தம்பியாக வருகிறார்களே, அதே இரண்டு பேர். அந்தப் படத்தில் அவர்கள் சேர்ந்து நிற்கிற இடம் வந்தால் எனக்கு மனசு இளகிவிடும்.

சிறுவர்களை வைத்தே நாடகம் போடுகிற பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை லேசுப்பட்டதில்லை. பிள்ளைகள் அங்கேயே தங்க வேண்டும், அங்கேயே சாப்பிட வேண்டும். வாத்தியார் பாட்டு, ஆட்டம், வசனம் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பார், தப்பினால் அடி விழும். நினைத்தபோது வீட்டுக்குப் போக முடியாது. கணேசனுக்குக் கிடைத்த முதல் வேஷம் சீதை. அதே ராமாயணத்தில் அப்புறம் பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித் என்று ஒவ்வொன்றாகக் கட்டினார். மகரக்கட்டு, அதாவது ஆண்பிள்ளைக் குரல் உடைகிற வயசில் ஸ்திரீ பார்ட் என்கிற பெண் வேஷம் கைவிட்டுப் போகும், வேறு வேஷத்துக்கு மாற வேண்டும். மாற முடியாமல் கம்பெனியை விட்டே போன பிள்ளைகள் உண்டு. எல்லோருடைய வசனத்தையும் காதில் வாங்கி வைத்திருந்தவன் தப்பித்தான்.

அந்தக் காது கணேசனுக்கு எங்கே கைகொடுத்தது தெரியுமா? அறிஞர் அண்ணா 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்று ஒரு நாடகம் எழுதினார். சிவாஜியாக நடிப்பதாக இருந்த எம்.ஜி.ஆர். விலகிக்கொண்டார். நாள் நெருங்கிவிட்டது. அப்போதுதான் அண்ணா கணேசனைக் கூப்பிட்டு வசனக் கட்டைக் கையில் கொடுத்து, 'படித்து வை' என்கிற மாதிரி சொல்லிவிட்டு வெளியே போகிறார். திரும்பி வந்து கேட்டால், பையன் அத்தனை பக்கத்தையும் ஏற்ற இறக்கத்தோடு பேசிக்காட்டுகிறான். சின்ன வயசிலிருந்து அடி வாங்கிப் பழகிய மனப்பாடம் அது. அந்த நாடகத்தைப் பார்த்துத்தான் பெரியார் அவரை 'சிவாஜி' என்றார். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

பெயர் வந்ததும் படம் வந்துவிடவில்லை, தம்பி. நாடகம்தான் சோறு போட்டது. 'நிரபராதி' என்ற படத்தில் முக்காமலா என்ற தெலுங்கு நடிகருக்குத் தமிழில் குரல் மட்டும் கொடுத்தார். முகம் தெரியாத வேலை, அதையும் செய்தார். சக்தி நாடக சபாவில் 'நூர்ஜகான்' நாடகம், அதிலும் பெண் வேஷம், நூர்ஜகானே அவர்தான். அதைப் பார்த்து மனசைப் பறிகொடுத்தவர் வேலூர் பி.ஏ. பெருமாள் முதலியார். 'பராசக்தி' எடுத்தபோது கணேசன்தான் கதாநாயகன் என்று ஒரே பிடியாக நின்றவர் அவர்தான். நீ வேண்டாம் என்று யோசிக்கிற அதே வேஷம்தான் கணேசனுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டது.

படப்பிடிப்பு தொடங்கிய பிறகும் நிம்மதி இல்லை. ஒல்லியாக இருக்கிறான், இவன் தேற மாட்டான், ஆளை மாற்று என்று ஸ்டூடியோவில் பேச்சு. ஸ்டூடியோ முதலாளி ஏவி.எம். செட்டியாருக்கே திருப்தியில்லை. உன்னை ஆடிஷனில் 'முகவெட்டு சரியில்லை' என்று திருப்பி அனுப்பினார்கள் என்று போன மாசம் நீ சொன்னபோது, இதைத்தான் நினைத்துக்கொண்டேன். பெருமாள் முதலியார் இறங்கிவரவில்லை. பையனுக்கு நல்ல சாப்பாடு போட்டு உடம்பைத் தேற்றி, முன்னால் எடுத்த காட்சிகள் பலவற்றைத் திரும்ப எடுத்தார்கள். கணேசன் கேமரா முன்னால் பேசிய முதல் வசனம் 'சக்சஸ்'. அந்த இடத்தில் ஏவி.எம்.மில் நினைவுச் சின்னமே வைத்திருக்கிறார்கள். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. அதன் கோர்ட் வசனம் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் எத்தனை தடவை ஓடியிருக்கும் என்பதை உன் பாட்டியைக் கேள், வரி பிசகாமல் சொல்வார்.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. அவ்வளவு பெரிய நடிகரான பிறகும் பொங்கலுக்குப் பெருமாள் முதலியார் வீட்டுக்குச் சீர் கொண்டுபோவதை அவர் நிறுத்தவில்லை. உனக்கும் அந்த நாடகக் குழுவில் ஒருவர் தினம் டீ வாங்கிக் கொடுத்து வசனம் சொல்லித்தருகிறார் என்றாயே, அவரை ஒருநாள் இங்கே கூட்டிக்கொண்டு வா. மீன் குழம்பு வைக்கிறேன்.

சரி, வேஷத்துக்கு வருவோம். என் பழைய சுங்குடிச் சேலை ஒன்றைப் பார்சலில் வைத்திருக்கிறேன். நாடகத்தன்றுதான் கட்டுவேன் என்று இருக்காதே. ஒத்திகை முதல் நாளிலிருந்தே கட்டிக்கொண்டு நட, உட்கார், படி ஏறி இறங்கு. கொசுவத்தை எட்டு வைத்து மிதிக்கிறவனைக் கடைசி வரிசைக்காரனும் கண்டுபிடித்துவிடுவான். நான் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வரும்போது முந்தானையை எப்படி இடுப்பில் சொருகுகிறேன் என்று சின்னப் பிள்ளையில் நீ நடித்துக்காட்டுவாயே, அது நன்றாகத்தான் இருக்கும். பருப்புப் பொடியும் வைத்திருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடு.

நாடகம் எந்தத் தேதி என்று உறுதியானதும் உடனே போன் பண்ணு. பல்லவன் ரயிலில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, அப்பா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா